தீயைக் காணவில்லை என்று சொன்ன நல்லதம்பி பிள்ளை

செய்தி என் கை வழியாகத்தான் போனது. மலாக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்குக் காலை வேலை. ஒருவர் சிங்கப்பூருக்கு டிரங்க் கால் கேட்டார். மலாயில் பேசினார். யார் பேசுவது, யாரைக் கூப்பிட வேண்டும் என்று வழக்கம்போல் கேட்டேன். காஜா பெராங்கிலிருந்து பேசுவதாகவும், நல்லதம்பி பிள்ளைக்குத் தான் மச்சான் என்றும், அவருடைய மகனிடம் அப்பா தவறிவிட்டார் என்று சொல்ல வேண்டும் என்றும் அந்த மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "சீக்கிரம் கொடுங்க, மிஸ்" என்றார். கொடுத்தேன். "பேசலாம்" என்றேன். இணைப்புப் பலகையில் அடுத்த விளக்கு எரிந்தது. புக்கிட் பாருவிலிருந்து யாரோ ஒரு மளிகைக்காரர் அரிசி மூட்டை வரவில்லை என்று கத்தினார். அவரையும் இணைத்தேன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றித் தரையில் வீசிவிட வேண்டும் போலிருந்தது. மேற்பார்வை அம்மாவிடம் போய் வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். "செத்தவர் சொந்தமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பின்னே யாரு?" என்றார். "என் ஓட்டத்தை நிறுத்தினவர்" என்றேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறொன்றும் கேட்காமல் அனுப்பிவிட்டார்.

திடலில் அவரோடு நின்ற நண்பர்களே, நீங்கள் எல்லோரும் அவரைச் சாந்தமானவர் என்றுதான் சொல்வீர்கள். சாவு வீட்டு வாசலிலும் அதையே சொல்லிக்கொண்டு நின்றீர்கள். சாந்தமாம்! என்னை வருஷக்கணக்கில் கொதிக்க வைத்த மனிதர் அவர். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து ஜன்னல் பக்கம் போகிறேன், திரும்ப வருகிறேன். அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்துத்தான் எழுத முடியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். காஜா பெராங்கில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் மலாக்காச் செட்டிக் குடும்பம் அவருடையது. வீட்டில் பேசுவது மலாய். சாமிக்கும் சில பலகாரங்களுக்கும் மட்டும் தமிழ்ப் பெயர். அவர் பேசிய தமிழ் எங்களிடமிருந்து பொறுக்கிச் சேர்த்தது. அரசாங்க அலுவலகம் ஒன்றில் வரைபடம் வரைபவர். சனிக்கிழமையானால் பண்டார் ஹிலிர் திடலில் ஓட்டப் போட்டிகளுக்கு நேரம் எடுக்கும் டைம் கீப்பர். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, கைக்குட்டையில் சுற்றிய ஸ்டாப் வாட்ச். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் படிபடியாக ஒரு மரமேடை போட்டிருப்பார்களே, அதில் நடுப்படியில் நிற்பார். பெண்களின் பயிற்சிக்கு நேரம் எடுக்க ஆள் கிடைக்காத காலத்தில் மாலை நேரங்களிலும் வந்து நின்றவர் அவர் ஒருவர்தான். நாற்பதைத் தாண்டியிருப்பார், அவ்வளவுதான். சாகிற வயதா அது?

டைம் கீப்பர் ஓடுகிறவரைப் பார்க்கக் கூடாது. இது பலருக்குத் தெரியாது. நூறு கஜத்துக்கு அப்பால், ஓட்டத்தைத் தொடங்கி வைக்கச் சுடுகிறவர் துப்பாக்கியைத் தூக்கி நிற்பார். டைம் கீப்பரின் கண் அந்தத் துப்பாக்கி வாயிலேயே இருக்க வேண்டும். தீ தெறித்ததும் கட்டைவிரல் அழுத்த வேண்டும். வெடிச்சத்தத்துக்காகக் காத்திருந்தால் கெட்டது. "சத்தம் நடந்து வரும், தீ பறந்து வரும்லா. நடந்து வர்றவன நம்பாதே" என்பார் பிள்ளை. தீ தெறித்த பிறகு கண் நேரே எல்லைக்கோட்டு நூலுக்குப் போய்விடும். நெஞ்சு நூலைத் தொடும் வரை அங்கேதான். இடையில் யார் எப்படி ஓடினார்கள் என்பது அவருக்குத் தெரியாது. என் ஓட்டத்தை ஆயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். அதைத் தவறாமல் கணக்குப் பார்த்த மனிதர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

நான் பேசுவது மலாயா சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டு. சுதந்திரம் வரும் நாள் அந்தத் திடலில்தான் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஊரே காலில் சக்கரம் கட்டிக்கொண்டிருந்தது. கோலாலம்பூரில் பெரிய ஓட்டப் போட்டி என்றார்கள். குறித்த நேரத்துக்குள் நூறு கஜம் ஓடிக் காட்டினால் மலாக்காவின் சார்பில் போகலாம். செமாபோக்கில் எங்கள் வீட்டில் தினமும் சண்டை. அப்பா நகராட்சித் தண்ணீர்க் குழாய்ப் பகுதியில் மேஸ்திரி. "பொம்பளப் புள்ள அரைக்கால் சட்டையோட ஓடுறத ஊரே வேடிக்க பாக்குது. எனக்கு வெளிய தல காட்ட முடியல" என்பார். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார். "கோலாலம்பூர் போற அளவுக்கு ஓடிக் காட்டு. நானே ரயில் ஏத்தி விடுறேன். இல்லன்னா அன்னியோட நிறுத்திக்கணும். அப்புறம் திடல் பக்கமே போகக் கூடாது." சரி என்றேன். அப்பாவோடு போட்ட இந்தப் பந்தயம் திடலில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைக்கும் தெரியும்.

தேர்வு ஓட்டம் நடந்த அன்று முதலாவதாக வந்தேன். நூல் என் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதை எடுக்கக்கூட இல்லை, மேடைப் பக்கம் ஓடினேன். முதலாவதுக்கு மூன்று கடிகாரம். மூன்றும் மூன்று நேரம் காட்டினால் நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்வார்கள். மேல்படியில் நின்ற பேங்க் குமாஸ்தாவின் கடிகாரம் குறைந்த நேரம் காட்டியது. கீழ்ப்படியில் நின்ற பள்ளி வாத்தியாரின் கடிகாரம் தேவையான நேரத்தைவிடப் பத்தில் ஒரு நொடி அதிகம் காட்டியது. நடுவில் பிள்ளையின் கடிகாரம். அதன்படி நான் கோலாலம்பூர் போகிறேன். என் தோழிகள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது பிள்ளை, தலைமை நடுவரைப் பார்த்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "சாயா தாக் நம்பாக்." நான் காணவில்லை என்று.

"என்னத்தக் காணல?" என்றார் நடுவர்.

"தீயக் காணல. கண்ணு ஒரு பக்கம் போச்சு. திரும்பிப் பாக்கையில புகைதான் இருந்துச்சு. புகைக்குத்தான் அமுத்துனேன், லேட்டு. நேரம் கொறச்சலாத்தான் காட்டும். என் நேரம் வேண்டாம்."

பேங்க் குமாஸ்தா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உங்க நேரம் நடுவுலதானே இருக்கு பிள்ளை? ஒருத்தரும் கேக்கலியே, சும்மா இருங்க" என்றார். பிள்ளை தன் கடிகாரத்தின் தலையை எல்லோரும் பார்க்க ஓர் அழுத்து அழுத்தினார். முள் சுழியத்துக்குப் போய் நின்றது. இனி யாரும் எதையும் படிக்க முடியாது. இரண்டு கடிகாரம்தான் மிச்சம், இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் அதிக நேரம் காட்டுவதைத்தான் எடுக்க வேண்டும். அதுதான் விதி. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்கு வாய்க்குள்ளே போனதைத் தோண்டி எடுத்தார்கள்.

நான் விடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். "கண்ணத் தொறந்துதானே வச்சிருந்தீங்க?"

"தொறந்துதான் இருந்துச்சு, தங்கச்சி."

"துப்பாக்கி முன்னாலதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"அப்புறம் எப்படிக் காணாம போகும்? தீ என்ன பூனையா, ஒளிஞ்சிக்க?"

"கண்ணு ஒரு எடத்துலேருந்து இன்னொரு எடத்துக்குத் தாவுதுல்ல, தாவுற நேரத்துல அது பாக்காது. அந்த நேரத்துல தீ வந்துட்டுப் போயிருச்சு."

"எதுக்குத் தாவுச்சு?"

அவர் கைக்குட்டையை எடுத்துக் கடிகாரத்தைச் சுற்றினார். "யாரோ அசஞ்ச மாதிரி இருந்துச்சு" என்றார். பக்கத்துத் தடத்தில் ஓடிய பெண்தான் முன்கூட்டியே அசைந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன். வருஷக்கணக்கில் அவளோடு பேசாமல் இருந்தேன். கடைத்தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன்.

அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். என் கான்வாஸ் சப்பாத்தை அம்மா பரணில் எடுத்துப் போட்டார். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு காஜா பெராங்குக்கே போய்விட்டேன். வாசலில் நின்றபடியே, கண் திறந்திருக்கும்போது ஒன்றும் தெரியாமல் போவது என்பது கட்டுக்கதை என்று சத்தம் போட்டேன். அவர் மனைவி லெட்சுமி அக்கா, சரோங்கும் கெபாயாச் சட்டையுமாக வெளியே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் தமிழில் பாதிதான் அவருக்குப் புரிந்திருக்கும். என் முகம் முழுதாகப் புரிந்திருக்கும். உள்ளே கூட்டிக்கொண்டு போய் முதலில் தண்ணீர் கொடுத்தார்.

பிள்ளை ஒரு கண்ணாடியை என் கையில் கொடுத்தார். "உன் எடது கண்ணப் பாரு. இப்ப வலது கண்ணப் பாரு. திரும்ப எடது. உன் கண்ணு நகருறது தெரியுதா?" பார்த்தேன். தெரியவில்லை. கண்ணாடியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தேன், தள்ளிப் பிடித்துப் பார்த்தேன், வேகமாக, மெதுவாக. என் கண் ஒவ்வொரு தடவையும் போய்ச் சேர்ந்த இடத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தது. போவது மட்டும் தெரியவே இல்லை. "நகரவே இல்லியே!" என்றேன். லெட்சுமி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் கண் மணிக்கூண்டு பெண்டுலம் மாதிரி இப்படியும் அப்படியும் போய் வந்ததாம். எதிரில் நிற்கிறவருக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை.

அதோடு விடவில்லை அவர். ஜன்னல்களைச் சாத்தினார். சுவரில் இடது பக்கம் நாட்காட்டி, வலது பக்கம் சட்டை மாட்டும் ஆணி. நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்து, அவர் சொன்னதும் பார்வையை ஆணிக்கு மாற்ற வேண்டும். அந்த நேரத்தில் லெட்சுமி அக்கா டார்ச்சை ஒரு சொடுக்குச் சொடுக்கி அணைப்பார். வெளிச்சம் எங்கே விழுந்தது என்று நான் விரலால் காட்ட வேண்டும். பல தடவை சரியாகக் காட்டிவிட்டு அவரை ஏளனமாகப் பார்த்தேன். அப்புறம் ஒரு தடவை, "அக்கா அமுத்தவே இல்ல, ஏமாத்துறாங்க" என்றேன். அழுத்தியதாக அக்கா சாமி படத்தைக் காட்டிச் சத்தியம் செய்தார். இன்னொரு தடவை வெளிச்சம் ஆணிக்குப் பக்கத்திலேயே விழுந்தது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைப்பேன் என்றேன். அக்கா நடந்து போய் வெளிச்சம் விழுந்த இடத்தில் விரலை வைத்தார். அது நடுச்சுவர். நாட்காட்டிக்குத்தான் கிட்டம். என் கண் போகவிருந்த பக்கத்துக்கு வெளிச்சத்தையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

"நீ பொய் சொல்லலே, தங்கச்சி" என்றார் பிள்ளை. "ஆனா நீ சொன்னது நடக்கலே."

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று எங்கள் அம்மா சொல்வார் என்றேன். அவருக்கு அது புதிது. இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். "இதச் சொன்னவன் டைம் கீப்பராத்தான் இருந்திருப்பான்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வந்துவிட்டது. வந்த கோபம் கலைகிறதே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

அந்தக் கோபத்தில்தான் கேட்டேன். "சரி, உங்க கண்ணு தாவுச்சு. ஒத்துக்கிறேன். அந்த வாத்தியார் கண்ணு தாவலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அவரு கடிகாரத்தாலதானே நான் போகல?"

 பிள்ளை டார்ச்சை மனைவியிடமிருந்து வாங்கி மேசைமேல் வைத்தார், திரும்ப எடுத்தார். "தெரியாதுலா" என்றார். மறுவாரமே வாத்தியாரிடம் போய்க் கேட்டிருக்கிறார். "நான் கண்டேன் ஐயா, நான் என்ன குருடனா?" என்று அவர் சீறியிருக்கிறார். அதற்கு மேல் எப்படிக் கேட்பது?

எங்கள் வீட்டுக்கும் வந்தார். ஒரு மாலைப் பொழுது, சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, அப்பா முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இன்னொரு போட்டிக்கு என்னை விடும்படி கேட்டார்.

"ஒங்களாலதானே போச்சு?" என்றார் அப்பா.

"ஆமாங்க."

"அப்ப எம்மவ வேகமா ஓடுனாளா, இல்லியா? அதச் சொல்லுங்க."

"தெரியாதுங்க."

"தெரியாதுன்னா?"

"ஓடியிருக்கலாம்."

"இருக்கலாமுன்னு சொன்னா ரயிலுக்கு டிக்கெட்டு குடுப்பானா?" என்றார் அப்பா. ஒரு வார்த்தை, 'ஆமாம், ஓடினாள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா இறங்கி வந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். கதவுக்குப் பின்னால் நின்று, சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவர் தேநீரைக் குடித்தார், கும்பிட்டார், போய்விட்டார். நான் அதற்குப் பிறகு ஓடவில்லை.

அதற்குப் பிறகு அவர் பிடித்த பிடிவாதம் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு, பக்கத்துப் படிகளில் நிற்பவர்களைப் பார்த்து "நம்பாக்?" என்று கேட்பார். கண்டாயா? ஆரம்பத்தில் எரிந்து விழுந்தார்கள். நம்பாக் பிள்ளை என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து வந்த நடுவர் ஒருவர், இந்த ஆள் நின்றால் நான் வர மாட்டேன் என்றார். பிள்ளை கேட்பதை நிறுத்தவில்லை. ஒரு நாள் அதே பேங்க் குமாஸ்தா முகம் சிவக்க, "தாக் நம்பாக்" என்று தன் கடிகாரத்தைக் கீழே இறக்கினார். பிறகு மற்றவர்களும் சொல்லத் தொடங்கினார்கள். பெண்கள் ஓட்டத்துக்கு டைம் கீப்பராக என்னையும் கூப்பிட்டார். ஓடத்தான் கூடாது, நிற்கலாம் என்றார் அப்பா. பிள்ளையோடு சண்டை போடுவதற்கு வாரம் ஒரு நாள் கிடைக்கிறதே என்றுதான் போனேன். நானும் கடிகாரத்தை இறக்கியிருக்கிறேன். அந்த மாதிரி நேரத்தில் நெஞ்சு நிமிராது. ஓடி வந்த பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாது. எனக்குத் தெரியாதா அந்த முகம்?

எதற்காக அன்று கண் தாவியது என்று பிறகும் பல முறை கேட்டிருக்கிறேன். "யாரோ அசஞ்சாங்க" என்பார். வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு லெட்சுமி அக்கா என்னை உள்ளே கூப்பிட்டார்.  பிள்ளையின் ஸ்டாப் வாட்ச்சை என்னிடம் நீட்டினார். மகனுக்குக் கொடுங்கள், எனக்கு வேண்டாம் என்றேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஓட்டத்தில் ஒருவரும் அசையவில்லை என்றார். எனக்குப் புரியவில்லை. "டியா தெங்கோ லூ" என்றார். அவர் உன்னைத்தான் பார்த்தார்.

மலாயில் அக்கா சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். ஓட்டம் நடந்த அன்று பிள்ளை வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைக்கவில்லையாம். இத்தனை மாதம் அந்தப் பெண்ணின் நேரத்தை எடுத்திருக்கிறேன், அவள் ஓடுவதை ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை, இன்றோடு அவள் அப்பா நிறுத்திவிட்டால் பிறகு எப்போது பார்ப்பது என்று ஒரு நினைப்பு வந்ததாம். நினைப்பு வந்ததும் கண் போய்விட்டதாம். போய்ச் சேரும்போது சுட்டாகிவிட்டது. நான் கைகளைத் தரையிலிருந்து எடுத்து எழும்புவதை மட்டும் பார்த்தாராம். "சாந்தெக்" என்றாராம், அத்தனை அழகு என்று. உடனே பார்வையைத் திருப்பிப் புகையைப் பார்த்து அழுத்திவிட்டு, நூலுக்குப் போய்விட்டார். அவளுக்கு ஏன் சொல்லவில்லை என்று அக்கா கேட்டதற்கு, "அவ ஜெயிக்கணும்னு ஆசப்பட்டவன் கையில கடிகாரம் இருந்துச்சுன்னு தெரிஞ்சா, அதையும் அந்தப் பொண்ணு தூக்கிச் சுமக்கணும். கோபமா இருக்கட்டும், அது லேசு" என்றாராம்.

நான் அந்த வீட்டுக்குள்ளேயே கத்திவிட்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பிறகு அக்காவின் மடியில் விழுந்து அழுதேன். மறுநாள் போய், இத்தனை ஆண்டும் நான் முகம் கொடுக்காத அந்தப் பக்கத்துத் தடத்துப் பெண்ணைத் தேடிப் பேசினேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, பாவம்.

நண்பர்களே, அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய நேர்மையை அல்ல, அது உங்கள் எல்லோருக்கும் பொது. நான் எழும்பியதை ஒருவர் ஆசைப்பட்டுப் பார்த்தார் என்பதை வைத்துக்கொள்கிறேன். அதற்கு நான் கொடுத்த விலை பெரியது. அவர் கொடுத்ததும் சின்னதில்லை. ஆனாலும் ஆறவில்லை. நடக்கும்போதும் விளக்குகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதும் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாவி மனுஷா, என்னைப் பார்த்ததுதான் பார்த்தீர்கள், தீயும் போயிற்று, நேரமும் போயிற்று. முழு ஓட்டத்தையும் பார்த்திருக்கக் கூடாதா?